மூக்கு எடை

எங்கள் மகன் கர்ட்டிஸ் காலை ஏழரைக்கே வந்துவிட்டான். காஸ்பரிலிருந்து இரண்டரை மணி நேர ஓட்டம். ஐந்து மணிக்கே கிளம்பியிருப்பான். இறங்கியதும் என்னைக் கட்டிக்கொண்டான். பிறகு அவன் அப்பாவிடம் போய் உள்ளங்கையை நீட்டினான். கைகுலுக்க அல்ல, வண்டிச் சாவிக்காக.

ஆரின் கொடுத்துவிட்டார். எழுபத்தொரு வயதில் அந்த மனிதர் ஒரு ஜாடி மூடியைக்கூட யாரையும் திறந்து தரச் சொன்னதில்லை. விடியும் முன்பே பிக்கப் வண்டியிலிருந்து தன் கையுறை, வெயில் கண்ணாடி, முதுகுக்கு வைக்கும் திண்டு எல்லாவற்றையும் எடுத்து ஒரு காகிதப் பையில் போட்டு வெளியே மர மேஜைமேல் வைத்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் பை போல அது இருந்தது.

எல்லாம் என் ஒரு போன் செய்த வேலை.

முந்தின நாள் மதியம் ஃபார்சனிலிருந்து மேலே ஏறி வந்துகொண்டிருந்தோம். நடுவில் ஒரு சின்ன இறக்கம். பக்கக் காற்று ஒன்று வந்து மோதியது. பிக்கப் இழுத்துவந்த எங்கள் வீட்டு டிரெய்லரின் பின்பக்கம் இடது பக்கம் போனது, வலது பக்கம் வந்தது, மறுபடி இடது. ஒவ்வொரு தடவையும் முன்னைவிட அகலமாக. எங்கள் பிக்கப்பைப் பின்னாலிருந்து யாரோ பிடித்து உலுக்குவது போல இருந்தது. நடுக்கோட்டைத் தாண்டிவிட்டோம். எதிரே மாடு ஏற்றிய லாரி. நான் கத்தினேன். ஆரின் காலால் பிரேக்கைத் தொடவே இல்லை. டிரெய்லரின் பிரேக்கை மட்டும் பிடிக்கும் சின்னப் பிடி ஒன்று ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிறது, அதை இரண்டு விரலால் அழுத்தினார். ஆட்டம் அடங்கியது. லாரிக்காரன் ஹார்னிலிருந்து கையை எடுக்காமலே போனான்.

இனி நீ ஓட்டும் வண்டியில் நான் ஏற மாட்டேன் என்று அங்கேயே சொன்னேன். டிரெய்லர்கள் தங்கும் முகாமுக்கு வந்ததும் கர்ட்டிஸுக்குப் போன் செய்து, அப்பா கையால் இனி முடியாது, நேற்று என்னைக் கொல்லப் பார்த்தார் என்ற அளவுக்குப் பேசிவிட்டேன். நேற்றல்ல, அன்றுதான். அழுகையில் நாள்கூடக் குழம்பியது. ஆரின் மெல்லிய கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கர்ட்டிஸுக்கு ஒரு திட்டம் இரண்டு வருஷமாகவே தயார். டிரெய்லரை விற்றுவிட வேண்டும், நாங்கள் காஸ்பரில் அவன் வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு அறைக் குடியிருப்பு ஒன்றில் இருக்க வேண்டும். ஐந்து வருஷமாக எங்களுக்கு இந்த டிரெய்லர்தான் வீடு. கோடையில் வடக்கே, குளிரில் அரிசோனா. அந்தச் சாவி ஒரு தடவை மகன் கைக்குப் போனால் திரும்பி வராது. ஆரினுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நாங்கள் நின்றிருந்த முகாம் மலையின் உச்சியில். அங்கிருந்து லாண்டர் ஊருக்கு இறங்கும் சாலை சிவப்புப் பாறைகளின் ஓரமாக மைல் கணக்கில் சரிந்துகொண்டே போகும். மதியத்துக்குப் பிறகு அறுபது மைல் வேகத்தில் காற்று வரும், டிரெய்லர்களை நிறுத்திவிடுவார்கள் என்று காலையிலேயே செய்தி வந்துவிட்டது. அடுத்த மூன்று நாளும் அப்படியே. முகாமிலும் அன்றோடு தண்ணீரை நிறுத்துகிறார்கள். ஆகவே பன்னிரண்டுக்கு முன் இறங்கியாக வேண்டும். கர்ட்டிஸ் பிக்கப்பில் டிரெய்லரை இழுத்துக்கொண்டு முன்னால் போவான். நாங்கள் இருவரும் அவன் காரில் பின்னால்.

பக்கத்து இடத்தில் வாண்டா மடக்கு நாற்காலியைப் போட்டுக் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்துவிட்டாள். நெப்ராஸ்காக்காரி, முப்பது வருஷம் லாரி ஓட்டியவள். முகாமில் யாராவது டிரெய்லரைப் பூட்டினால் நாலு பேர் நாற்காலி போட்டுப் பார்ப்பது வழக்கம். அன்று எல்லோரும் கிளம்பிப் போயிருந்ததால் அவள் ஒருத்திதான்.

கர்ட்டிஸ் பிக்கப்பைப் பின்னால் எடுத்து, டிரெய்லரின் முன்முனையை அதன் பின்னால் துருத்தியிருக்கும் இரும்பு உருண்டைமேல் இறக்கினான். பிறகு இரண்டு எஃகுத் தண்டுகளை மாட்டி, அவற்றின் சங்கிலிகளை இழுத்துப் பூட்டினான். அந்தத் தண்டுகள் வளைந்து நின்று, பிக்கப்பின் பின்சக்கரத்தில் விழும் பாரத்தில் ஒரு பகுதியை முன்சக்கரத்துக்குத் தள்ளும். ஆரின் எப்போதும் ஐந்தாவது கண்ணியில் பூட்டுவார். கர்ட்டிஸ் ஒரு கண்ணி கூடுதலாக இறுக்கினான். ஆட்டத்தை அடக்க அதுதான் வழியாம்.

அவன் வேலை செய்துகொண்டிருக்கும்போதே ஆரின் அளவு நாடாவோடு பிக்கப்பின் முன் மட்கார்டுக்குப் போய்க் குனிந்தார். அங்கே மார்ச் மாதம் ஒட்டிய காகித டேப்பில் அவர் கையெழுத்தில் மூன்று எண்கள் இருந்தன. தரையிலிருந்து மட்கார்டின் உயரம் அது. வெறும் வண்டி, முப்பத்தாறு அங்குலம். டிரெய்லரின் மூக்கு உருண்டைமேல் ஏறியதும் முன்பக்கம் தூக்கிக்கொண்டு முப்பத்தேழே முக்கால். தண்டு பூட்டியதும் முப்பத்தாறரை. இன்றைக்கு மூக்கு ஏறியதும் முப்பத்தேழுதான். பூட்டியபின் முப்பத்தைந்தே கால்.

வெறும் வண்டியைவிட முன்பக்கம் கீழே போய்விட்டது, அப்படியானால் பின்சக்கரம் பாதி மிதக்கிறது என்றார் மகனிடம். முன்பக்கம் அழுத்தினால்தானே ஸ்டீயரிங் பிடிக்கும் என்றான் அவன்.

வாண்டா காப்பியை உறிஞ்சிவிட்டு, "தம்பி, நீ முன்னால மட்டும் ஓட்டிட்டுப் போ. பின்னாடி சக்கரம் தனியா வந்து சேரும்" என்றாள்.

கர்ட்டிஸ் சிரிக்கவில்லை. ஆரின் டிரெய்லரின் படியில் உட்கார்ந்தார். முழங்கால் வலி அவருக்கு. கெஞ்சலும் இல்லாமல் கோபமும் இல்லாமல் சொன்னார்.

"கர்ட்டிஸ், மூக்கை ஒரு தடவை எடை போட்டுட்டுப் போடா. பத்து நிமிஷம். அதுக்கப்புறம் நான் எதுவும் கேக்க மாட்டேன். டிரெய்லரைப் பத்தியும் கேக்க மாட்டேன்."

மூக்கு என்று அவர் சொல்வது உருண்டைமேல் உட்காரும் அந்த முன்முனையைத்தான். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேலாவது மூக்கு அழுத்த வேண்டும், குறைந்தால் வால் அலையும். இதை அவர் எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். நான் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டு வேறெதையாவது நினைத்துக்கொண்டிருப்பேன்.

கர்ட்டிஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்பதாகியிருந்தது. முனகிக்கொண்டே பூட்டியதைக் கழற்றினான். ஆரின் என்னைப் பார்த்து, ஆள் ஏறி நின்று எடை பார்க்கும் மெஷினைக் கேட்டார்.

அந்த மெஷின் குளியலறையில் இல்லை. டிரெய்லரின் கடைக்கோடியில், பேரப்பிள்ளைகள் வந்தால் படுக்கும் அடுக்குக் கட்டிலுக்கு அடியில் இருந்தது. அங்கே போகும் வழி குறுகல், மடங்காத முழங்காலோடு ஆரின் அந்தப் பக்கம் வருவதே இல்லை. நான் முட்டிபோட்டுக் கையை உள்ளே விட்டேன். மெஷினுக்குப் பின்னால் பால் கிரேடுகள், அந்தப் பிளாஸ்டிக் பெட்டிகள், வரிசையாக இருந்தன. இருபது. எல்லாவற்றிலும் கல்.

கல்லாகிப்போன மரம். ஃபார்சன் பக்கத்துப் புல்வெளியில் கிடைக்கிறது. மரத்தின் வளையங்கள், பூச்சி அரித்த துளை எல்லாம் அப்படியே இருக்கும், கையில் எடுத்தால் குளிர்ந்த கல். ஒருவர் ஒரு நாளைக்கு இருபத்தைந்து பவுண்டு எடுக்கலாம், வருஷத்துக்கு இருநூற்றைம்பது என்று சட்டம். அங்கே தங்கியிருந்த மூன்று வாரமும் ஒவ்வொரு மதியமும் ஆரின் காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கும்போது நான் பையோடு போவேன். வந்து மெஷினில் நிறுத்துப் பார்த்து இருபத்தைந்துக்கு மேல் போகாமல் வைப்பேன். பத்து நாளில் என் பங்கு முடிந்தது. பிறகு அவர் பங்கையும் எடுத்தேன். ஒரு வாளிக்கு மேல் கல் சேர்க்க மாட்டேன் என்று அவரிடம் சத்தியம் செய்திருந்தேன். அந்த ஒரு வாளி வாசலில் எல்லோரும் பார்க்க இருந்தது.

மெஷினை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை என்றுதான் சொல்ல நினைக்கிறேன். அது முழு உண்மையில்லை. கை கிரேடில் பட்டபோது எனக்குள்ளே ஏதோ ஒன்று அசைந்தது. நான் அதைப் பார்க்காமல் வந்தேன்.

ஆரின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார். தரையில் ஒரு பக்கம் செங்கல், மறுபக்கம் எடை மெஷின், இரண்டுக்கும் மேல் ஒரு தடித்த பலகை. செங்கல்லிலிருந்து ஓரடி தள்ளி, மெஷினிலிருந்து இரண்டடி தள்ளி, பலகைமேல் டிரெய்லரின் ஜாக்கியை இறக்கினார். மெஷின் காட்டுவதை மூன்றால் பெருக்கினால் மூக்கு எடை. நூற்றெண்பது என்று காட்டியது.

"ஐநூத்தி நாப்பது" என்றார் ஆரின். "மார்ச்ல எண்ணூத்தி அம்பத்தஞ்சு."

மெஷின் கெட்டிருக்கும் என்றான் கர்ட்டிஸ். வாண்டா நாற்காலியை விட்டு எழுந்து வந்தாள். ஜாக்கியைத் தூக்கச் சொல்லி, மெஷினை வெளியே இழுத்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றாள். குனிந்து பார்த்தாள்.

"கெடல. கெட்டிருந்தா எனக்குச் சந்தோஷமா இருந்திருக்கும்."

முந்நூறு பவுண்டுக்கு மேல் மூக்கிலிருந்து போயிருக்கிறது, அப்படியென்றால் பின்னால் ஏதோ பெரிய பாரம் ஏறியிருக்கிறது என்று ஆரின் மெதுவாக, தனக்குத்தானே கணக்குப் போடுவது போலச் சொன்னார். தண்ணீர்த் தொட்டியா என்று கர்ட்டிஸ் கேட்டான். அது காலி, அதுவும் சக்கரத்துக்கு மேலே இருக்கிறது என்றார். உள்ளே போய்ப் பார்க்கிறேன் என்று படியைப் பிடித்து எழுந்தார். கர்ட்டிஸ் குறுக்கே நின்றான்.

"அப்பா, போதும். நேத்து காத்து, இன்னைக்கு மெஷின், நாளைக்கு வேற ஏதாவது. உங்க கையைப் பத்தி மட்டும் பேசவே மாட்டீங்க. அம்மா போன்ல எப்படி அழுதாங்கன்னு தெரியுமா?"

ஆரின் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தது போல இருந்தது. நான் என் கையுறையின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார், முன்னும் பின்னும், வேறு யாருடைய கைகளோ போல.

"சரி" என்றார். போய்க் காகிதப் பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

கர்ட்டிஸ் விறுவிறுவென்று பூட்டினான். சங்கிலியை முன்னைவிடவும் ஒரு கண்ணி இறுக்கினான். தண்டுகள் முனகின. வாண்டாவின் டிரெய்லர் கூரையோரம் பறக்கக் கட்டியிருந்த துணிக்கொடி அதுவரை தொங்கியிருந்தது, இப்போது படபடக்க ஆரம்பித்தது. அவன் பிக்கப்பில் ஏறினான். கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினான். நாற்பத்து நான்கு வயது, அவன் வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். அவன் இந்த டிரெய்லரை ஒரு தடவைகூட இழுத்ததில்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே அந்தச் சின்னப் பிடி எங்கே இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியாது.

இஞ்சின் உறுமியது.

நான் போய் பிக்கப்பின் முன்னால் நின்றேன். அவன் கையை ஆட்டி விலகச் சொன்னான். நான் இரண்டு கையையும் இஞ்சின் மூடிமேல் வைத்தேன். அதன் அதிர்வு முழங்கை வரை ஏறியது. அவன் ஜன்னல் கண்ணாடியை இறக்கினான்.

"கட்டிலுக்கு அடியில கல்லு இருக்கு" என்றேன்.

"என்னம்மா?"

"பின்னாடி. ஐநூறு பவுண்டு. நான்தான் வெச்சேன்."

அவன் இஞ்சினை நிறுத்தினான். துணிக்கொடி படபடக்கும் சத்தம் கேட்டது. மேஜையிலிருந்து ஆரின் எழவில்லை. தலையை மட்டும் திருப்பினார்.

"அடக் கண்ணு" என்றாள் வாண்டா.

பத்து மணி ஆகிவிட்டது. கர்ட்டிஸ் உள்ளே போனான். முதல் கிரேடைத் தூக்கி வந்தபோது அவன் காது மடல் சிவந்திருந்தது. சின்ன வயதில் பொய்யில் மாட்டிக்கொண்டால் அவனுக்கு அப்படிச் சிவக்கும். இப்போது மாட்டியது நான். அவனும் நானும் வாண்டாவும் மாறி மாறித் தூக்கினோம். ஆரின் அசையாமல் உட்கார்ந்து ஒவ்வொரு கிரேடாக உதட்டால் எண்ணினார். இருபதாவது வந்ததும் எழுந்து வந்து, மேலாக இருந்த ஒரு துண்டை எடுத்துப் பார்த்துவிட்டு அதே இடத்தில் வைத்தார்.

"ஒரு ஆளுக்கு இருநூத்தம்பதுதானே?"

ஆமாம் என்றேன். பாதி அவர் பங்கு என்று சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று புரிந்தது.

"அப்ப என் பங்கு எடுத்த இடத்துக்கே போகட்டும்."

என் பங்கும் போகட்டும் என்றேன். அது உன் இஷ்டம் என்றார். வாண்டா காற்று அடங்கியதும் ஃபார்சன் பக்கம்தான் போகிறாள், தன் வண்டியில் ஏற்றிக்கொள்வதாகச் சொன்னாள். அவளுடையது பெரிய வண்டி, அதன் மூக்கு எடையை அவளே கவனித்துக்கொள்வாளாம்.

சொல்ல வேண்டியதில் பாதிதான் சொல்லியிருந்தேன். கர்ட்டிஸ் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் அவனிடம் போனேன்.

"நேத்து போன்ல சொன்னது தப்புடா. அப்பா கைதான் எங்க ரெண்டு பேரையும் காப்பாத்துச்சு. நான் பக்கத்துலயே உக்காந்து பாத்தேன். பாத்துட்டுத்தான் உனக்குப் போன் பண்ணேன்."

அவன் துடைத்த துணியை மடித்து வைத்தான். இருந்தாலும் அப்பாவுக்கு எழுபத்தொன்று என்றான் கடைசியில். ஆமாம், எழுபத்தொன்றுதான் என்றேன்.

மறுபடி செங்கல், பலகை, மெஷின். இந்தத் தடவை கர்ட்டிஸ் தானே முட்டிபோட்டு எண்ணைப் படித்தான். இருநூற்று எண்பத்தைந்து. மார்ச் மாத எடையேதான், மூன்றால் பெருக்க ஆரினுக்குத் தேவைப்படவில்லை. டிரெய்லரைப் பூட்டி, சங்கிலியை ஐந்தாவது கண்ணியில் மாட்டினார். மட்கார்டின் அளவையும் கர்ட்டிஸே எடுத்தான். முப்பத்தாறரை. காகித டேப்பில் இருந்த எண்ணின்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான். பிறகு எழுந்து, சாவியைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தான். கையில் கொடுக்கவில்லை.

பதினொன்று பத்து. ஆரின் சாவியை எடுக்காமல் என்னிடம் கேட்டார்.

"நீ ஏறுவியா? ஏற மாட்டேன்னு சொன்னே."

நான் போய் என் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன். அவர் கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டார். கர்ட்டிஸ் தன் காரில் பின்தொடர்ந்தான்.

இறக்கம் தொடங்கும் இடத்தில் ஆரின் கியரைக் குறைத்தார். நாற்பது மைல், அதற்கு மேல் இல்லை. வலப்பக்கம் பாறை முடிந்து வெறும் ஆகாயம் வந்தபோது நான் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டேன். பாறையின் மறைவு விலகும் இடங்களில்தான் காற்று வரும். இரண்டாவது வளைவில் வந்தது. பக்கவாட்டில் யாரோ தோளால் இடித்தது போல. டிரெய்லர் ஒரு தடவை தள்ளியது, பிக்கப் அரையடி நகர்ந்தது. நான் அடுத்த தள்ளலுக்காகக் காத்திருந்தேன். என் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அடுத்தது வரவில்லை. டிரெய்லர் நேராக எங்கள் பின்னால் வந்துகொண்டிருந்தது. ஆரினின் இரண்டு விரல்கள் அந்தச் சின்னப் பிடிமேல் இருந்தன, அழுத்தாமல். இன்னும் மூன்று தடவை காற்று அடித்தது. அவர் பேசாமலிருந்தது ஓட்டுவதால் மட்டுமல்ல என்று எனக்குத் தெரியும்.

அடிவாரத்தில் ஓரமாக நிறுத்தினார். எப்போதும் செய்வது போல இறங்கி, டிரெய்லர் சக்கரத்தின் நடுவில் கையை வைத்து, பிரேக் சூடேறிவிட்டதா என்று பார்த்தார். நானும் இறங்கிப் போனேன்.

"ராத்திரி முழுக்க நானும் நம்பிட்டேன், மர்லிஸ்" என்றார், சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே. "கை போயிடுச்சுன்னு."

அப்போதுதான் பார்த்தேன். சக்கரத்தின்மேல் இருந்த அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. விரல்கள் மட்டுமல்ல, மணிக்கட்டு வரைக்கும். பின்னால் கார்க்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கர்ட்டிஸ் வந்துகொண்டிருந்தான். என்னை அறியாமல் நகர்ந்து அந்தக் கையை மறைத்து நின்றேன்.

"தள்ளு" என்றார் ஆரின்.

தள்ளினேன்.

கர்ட்டிஸ் வந்து பார்த்தான். அப்பாவின் கையைப் பார்த்தான், அது நடுங்குவதையும் பார்த்தான். ஆரின் அதை இழுத்துக்கொள்ளவில்லை. கர்ட்டிஸ் குனிந்து, தன் கையையும் சக்கரத்தின்மேல், அதற்குப் பக்கத்தில் வைத்தான். அதுவும் நிலையாக இல்லை. அந்த இறக்கம் முழுவதும் எங்கள் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே வந்தவன் அவன்.

"சூடு இருக்கா?" என்று கேட்டான்.

"வெதுவெதுப்புதான். பரவாயில்ல."

அவன் எழுந்து, அடுத்த சக்கரத்தைத் தான் பார்ப்பதாகச் சொல்லி டிரெய்லரைச் சுற்றிப் போனான்.